பத்திரிகைக்காரர் பெயரில் ஓர் ஊர்

ஓல்ஷ்டின் ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கென்ட்ஷின். கிஷித்ஸ்கோ. பியெனியென்ஷ்னோ. என்னை அழைத்துப்போக ஓர் அம்மையார் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், நான் விடவில்லை. பலகையை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த மூன்றும் ஆட்களின் பெயர்கள், தெரியுமா உங்களுக்கு?” என்றார். “முதலாமவர் வரலாறு எழுதியவர். இரண்டாமவர் பாதிரியார், பத்திரிகை நடத்தினார். மூன்றாமவரும் பத்திரிகைக்காரர்தான். அவரைச் சுட்டுவிட்டார்கள்.”

போலந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது இந்த நிலம். மேற்குப் பாதி வார்மியா, கத்தோலிக்கர் பூமி. கிழக்குப் பாதி மஸூரியா, அங்கே லூத்தரன் சபையார். 1945 வரை இரண்டும் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் இருந்தவை. போர் முடிந்து எல்லைக்கோடு நகர்ந்தபோது ஊர்களுக்கெல்லாம் போலிஷ் பெயர் தேவைப்பட்டது. பழைய பெயர் இருந்த ஊர்களுக்கு அதையே திருப்பிக் கொடுத்தார்கள். சில ஊர்களுக்கு, இந்தப் பகுதியில் போலிஷ் மொழிக்காக உழைத்தவர்களின் பெயரை வைத்தார்கள். அப்படி அகராதி எழுதிய ம்ரொங்கோவியுஷ் பெயரில் ம்ரொங்கோவோ வந்தது. வார்மியாவின் வழக்கங்களை எழுதிவைத்த பாதிரியார் பார்ச்செவ்ஸ்கி பெயரில் பார்ச்செவோ. தளபதிகளின் பெயரில் ஊர்கள் இருக்கும் நாடுகள் பல. அகராதிக்காரர், நாட்டுப்பாடல் சேகரித்தவர், அச்சகம் நடத்தியவர் என்று வரிசையாக ஊர்களாகி நிற்கும் வரைபடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் வந்தது அந்த மூன்றாம் பெயருக்காக.

ஓல்ஷ்டினுக்கு வருவதற்கு முந்தைய இரண்டு நாள் க்ருஜோன்ட்ஸ் நகரத்தில் தங்கியிருந்தேன். விஸ்துலா ஆற்றின் கரையில் மதில்போல் நிற்கும் செங்கல் தானியக் களஞ்சியங்களால் பேர்பெற்ற ஊர். பத்திரிகை வரலாறு படிப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1894-ல் விக்டர் குலெர்ஸ்கி என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் இங்கே ‘கஸெட்டா க்ருஜோன்ட்ஸ்கா’வைத் தொடங்கினார். முதல் உலகப்போர் தொடங்கும் தறுவாயில் அது ஏறக்குறைய 1,28,000 பிரதிகள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் கிடையாது. 1772, 1793, 1795 என்று மூன்று முறை வெட்டி ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வார்சாவோ கிராக்கோவோ அல்லாத ஒரு படைமுகாம் ஊரிலிருந்து, பிரஷ்ய ஆட்சிக்குக் கீழே, குடியானவர்களுக்காக நடந்த ஒரு பத்திரிகை போலிஷ் மொழியில் மிக அதிகம் விற்ற இதழ்களில் ஒன்றாக இருந்தது.

ஆளும் கைக்கு ஏற்ப நிலைமை மாறியது. ரஷ்யப் பகுதியில் எந்த வரியும் அச்சேறுமுன் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். காலிஷ், பியோத்ர்க்குவ் போன்ற ஊர்களில் நடந்த இதழ்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தன. ஆஸ்திரியப் பகுதியில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1848-ன் கொந்தளிப்பிலேயே சியெஷின் என்ற சிற்றூரில் பாவெல் ஸ்டால்மாக் ஒரு வார இதழைத் தொடங்கிவிட்டார். பிரஷ்யாவின் கதை வேறு. 1874-ன் பத்திரிகைச் சட்டத்தின் கீழ் முன்தணிக்கை கிடையாது. எதையும் அச்சிடலாம், அச்சிட்ட பிறகு வழக்கு வரும். ஒவ்வொரு இதழிலும் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் இருந்தாக வேண்டும், சிறைக்குப் போவது அவர். ஆகவே ஜெர்மனியெங்கும், போலிஷ் பத்திரிகைகளிலும் சோஷலிசப் பத்திரிகைகளிலும், சிறையில் உட்காருவதையே வேலையாக ஏற்றுக்கொண்ட ‘உட்காரும் ஆசிரியர்கள்’ உருவானார்கள். எழுதும் ஆசிரியர் எழுதிக்கொண்டே இருப்பார். பெயர் கொடுத்தவர் உள்ளே போவார். பெயரும் கொடுத்து எழுதியும் உள்ளே போனவர்களும் உண்டு. சிலேசியாவில் ‘கத்தோலிக்’ இதழை நடத்திய கரோல் மியார்கா எத்தனையோ தடவை சிறை சென்றார். அவரும் பள்ளி ஆசிரியர்தான். இந்தக் கதையில் வருகிறவர்களில் எத்தனை பேர் வாத்தியார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

குலெர்ஸ்கியின் வெற்றி எப்படி நடந்தது என்று யோசித்துக்கொண்டே களஞ்சியங்களின் ஓரமாக மாலையில் நடந்தேன். விலை குறைவு. சந்தாதாரருக்குப் பஞ்சாங்கம், புத்தகம் என்று இலவச இணைப்பு. வயலில் வேலை செய்பவருக்குப் புரியும் மொழி. இவற்றோடு அஞ்சல் நிலையமும் சேர்ந்துகொண்டது. பிரஷ்யாவில் பத்திரிகைச் சந்தாவை வாங்குவதும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அரசு அஞ்சல் துறையின் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சல் நிலையத்தில் போய், அரசு பட்டியலில் இருக்கும் இதழின் பெயரைச் சொல்லி, பணம் கட்ட வேண்டும். சீருடை போட்ட தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். போலிஷ் மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டிய அதே அரசின் தபால்காரர் போலிஷ் பத்திரிகையைப் பனியில் நடந்து குக்கிராமத்துக்குச் சுமந்துபோனார்.

இதில் நிம்மதியும் பயமும் சேர்ந்தே இருந்தன. தபால்காரருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு எந்த இதழ் வருகிறது என்பது பள்ளி ஆசிரியருக்கும் காவலருக்கும் பண்ணை முதலாளிக்கும் மறைவான செய்தியல்ல. அஞ்சல் நிலையத்துச் சன்னலுக்கு முன்னால் நின்று, ஜெர்மன் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, போலிஷ் இதழின் பெயரைச் சத்தமாகச் சொல்வது, ஆண்டுக்கு நான்கு முறை சொல்வது, சின்னக் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1,28,000 என்ற எண்ணை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஓல்ஷ்டினில் அந்த எண்ணிக்கையைக் கனவுகூடக் காண முடியாது. இது சிறிய களம், ஏழைக் களம். ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தோம். கோதிக் காலத்துச் செங்கல் வாசலான உயர்வாசலைத் தாண்டினால் கல் பாவிய தெருக்கள். நம் காதில் ‘வினா’ என்றே விழும் ஓர் ஆறு நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கரைமேல் கோட்டை. கோப்பர்நிக்கஸ் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே திருச்சபை நிலங்களின் நிர்வாகியாக இருந்தார். வானத்தைக் கணக்கிட அவர் சுவரில் வரைந்த அட்டவணை இன்றும் அங்கே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி மீன்சந்தைச் சதுக்கத்துக்குப் போனோம். இப்போது அங்கே மீன் இல்லை. ஒரு மூலையில் கூம்புக் கூரையோடு ஒரு வீடு நிற்கிறது. ‘கஸெட்டா ஓல்ஷ்டின்ஸ்கா’ வீடு. இப்போது அருங்காட்சியகம்.

“புது வீடு இது,” என்றார் ஆசிரியை. “பழையதை நாஜிகள் இடித்துவிட்டார்கள். 1989-ல்தான் மறுபடி எழுப்பித் திறந்தார்கள். திறந்த அன்று என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.”

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இதழ்கள். ஈய எழுத்து கோக்கும் அச்சகத்தில் சிறுவயதில் மணிக்கணக்காக நின்று பார்த்தவன் நான். கம்பாசிட்டர் ஸ்டிக்கைப் பிடிக்கும் பிடியும், எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸின் ஒவ்வொரு அறையும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆகவே மற்றவர்கள் தலைப்பைப் படிக்கும்போது என் கண் எழுத்துக்கே போனது. போலிஷ் மொழிக்கு லத்தீன் நெடுங்கணக்கோடு ஒன்பது எழுத்துகள் கூடுதலாக வேண்டும். ‘ஏ’வுக்கும் ‘இ’க்கும் கீழே சுருட்டிய வால். ‘எல்’லின் உடம்பில் குறுக்குக் கோடு. ‘இசட்’டின் தலையில் ஓரிடத்தில் புள்ளி, இன்னோரிடத்தில் சாய்ந்த கீற்று. ஜெர்மன் அச்சகத்துக் கேஸில் இவை இருக்காது. தனியாக வார்த்து வாங்க வேண்டும், காசு ஆகும். பத்திரிகை தொடங்குவதற்கு முன் தொடங்குகிறவர் இந்த ஒன்பது எழுத்துகளுக்கு வழி தேட வேண்டியிருந்திருக்கும். பெட்டிக்குள் இருந்த தாளில் அந்த வால்களில் சில தேய்ந்திருந்தன. ஒரு வாலில் மை சரியாக ஏறவில்லை. அந்த இடத்தில் குனிந்தபடி நான் நின்றிருந்த நேரம் மற்ற அறைகளில் நான் செலவழித்ததைவிட அதிகம்.

முதல் இதழ் 1886 ஏப்ரல் 16-ல் வந்தது. மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள்: யான் லிஷெவ்ஸ்கி, அந்த்ஷெய் சமுலோவ்ஸ்கி, ஃப்ரான்சிஷெக் ஷ்செபான்ஸ்கி. மூவருமே வார்மியாவின் மண்ணில் பிறந்தவர்கள். ஷ்செபான்ஸ்கி விவசாயி. சமுலோவ்ஸ்கி புத்தகக் கடைக்காரர், பாட்டுக் கட்டுகிறவர். லிஷெவ்ஸ்கி ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அப்போது கோரிக்கை மனுக்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். 1873-லேயே கிழக்குப் பிரஷ்யாவின் தொடக்கப் பள்ளிகளில் போலிஷ் ஏறக்குறைய வெளியேற்றப்பட்டிருந்தது. கீழ்வகுப்புச் சமயபாடம் ஒன்றுதான் மிச்சம். வீட்டில் பேசும் மொழியைப் படிக்க ஒரு எழுத்தும் கற்காமல் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்றோர் மனுக் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பதில் வரவில்லை. பத்திரிகை தொடங்கினார்கள். இதழின் தலைப்புக்குக் கீழே சமுலோவ்ஸ்கி எழுதிய ஈரடி ஒன்று அச்சானது. தந்தையர் மொழியையும் தந்தையர் சமயத்தையும் இளையவரும் முதியவரும் சேர்ந்து காக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இன்று அதைப் படிக்கும்போது அரசியல் முழக்கம்போல் தெரியும். மற்றப் பக்கங்களைப் பாருங்கள். தானிய விலை, சந்தை நாள், பங்குக் கோயில் திருவிழா, புனிதர் வரலாறு. பிழைப்புக்காக மேற்கு ஜெர்மனியின் ரூர் சுரங்கத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றிய சேதி. (அந்தச் சுரங்கப் பகுதியில், போஹும் நகரத்தில், 1890-லிருந்து அவர்களுக்கென்றே ‘வியாருஸ் போல்ஸ்கி’ என்ற இதழ் நடந்தது.) பெரிய எழுத்தாளர்கள் யாரும் இவற்றில் எழுதவில்லை. இலக்கிய வரலாறுகளில் இவற்றுக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கூலியாள் மொழி, அடுப்படி மொழி என்று கேலி செய்யப்பட்ட ஒரு பேச்சு, வாரத்துக்கொரு முறை தாளில் ஏறி, தானிய விலையைச் சொல்கிறது. தானிய விலையைச் சொல்லத் தெரிந்த மொழியைக் கேலி செய்வது கடினம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் உடையாக ஆகாமல் ஒரு மொழி தப்பித்தது இந்தச் சின்ன எழுத்துகளால்தான் என்பது என் எண்ணம்.

மறுநாள் பேருந்தில் கியெட்ஷ்வாவ்ட் போனோம். ஓல்ஷ்டினிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். அறுத்துவிட்ட வயல், அதன் ஓரமாக பீர்ச் மரங்கள், மேட்டின்மேல் சிவந்த செங்கல் கோயில். 1877 ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் இரண்டு சிறுமிகள், யுஸ்டினாவும் பார்பராவும், பதின்மூன்று வயதும் பன்னிரண்டு வயதும், அன்னை மரியாள் தங்களுக்குக் காட்சி தந்ததாகச் சொன்னார்கள். அன்னை எந்த மொழியில் பேசினார் என்று கேட்டதற்கு, போலிஷ் என்றார்கள். பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த நாள்கள் அவை. பள்ளியில் தடைபட்ட மொழியில் வானத்திலிருந்து குரல் வந்தது என்ற செய்தி என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரஷ்ய எல்லையைத் தாண்டிக்கூட ஜனங்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் ஜெபப் புத்தகம் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, 1878-ல், சமுலோவ்ஸ்கி இங்கே போலிஷ் புத்தகக் கடை வைத்தார். வார்மியாவின் முதல் போலிஷ் புத்தகக் கடை அது. எட்டு ஆண்டுகள் கழித்துப் பத்திரிகை தொடங்கும்போது, யார் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடை வாசலில் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தவர் அவர். 1928 வரை இந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தார். கோயிலுக்குக் கீழே ஊற்றில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியையும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து மஸூரியாவில் கதை வேறு மாதிரி. அங்கேயும் வீட்டு மொழி போலிஷ். ஆனால் சமயம் லூத்தரன், விசுவாசம் பிரஷ்ய மன்னருக்கு. அவர்கள் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் போலிஷ் மொழியில்தான் படித்தார்கள், ஆனால் ஜெர்மானியரின் உடைந்த கோதிக் எழுத்தில் அச்சிட்டதை. 1842-ல் ஓஸ்த்ருடா ஊரின் பாதிரியார் குஸ்தாவ் கிஸேவியுஷ், எவ்க் நகரத்திலிருந்து ‘மக்கள் நண்பன்’ என்று பொருள்படும் இதழை நடத்தினார். மூன்று ஆண்டுதான் ஓடியது. 1848-ல் அவர் பிரஷ்ய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஆனால் இருக்கையில் அமருமுன் இறந்துபோனார். அவர் பெயரைத் தாங்கும் கிஷித்ஸ்கோவில்தான், அது லெட்ஸன் என்று அழைக்கப்பட்ட நாளில், மார்ச்சின் கியெர்ஷ் என்ற பள்ளி ஆசிரியர் 1875-ல் ‘கஸெட்டா லெட்ஸ்கா’வைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 67. மன்னருக்கு வாழ்த்துச் சொல்வார். அதே கையால் பள்ளியில் போலிஷ் வேண்டும் என்றும் எழுதுவார். கோதிக் எழுத்தில் போலிஷ். பதினேழு ஆண்டுகள், 1892 வரை. பின்னால் வந்த தேசியவாதிகளுக்கு இவரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு இவர்மேல் தனி மரியாதை. நாடு வேறு, மொழி வேறு என்று ஒருவர் உண்மையாகவே நம்பி வாழ முடியும் என்பதற்கு இவர் சாட்சி. காலம் அவரை அப்படி இருக்க விடவில்லை என்பது வேறு விஷயம்.

ஓல்ஷ்டின் வீட்டுக்குத் திரும்புகிறேன். லிஷெவ்ஸ்கியின் உடன்பிறந்தவர் யொவானாவை மணந்த செவெரின் பியெனியென்ஷ்னி அச்சுத் தொழில் அறிந்தவர். பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1905-ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு யொவானா நடத்தினார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர் வந்தபோதும், பத்தாண்டுக்கும் மேல். அண்ணன் தம்பி, கணவன், மகன் என்று ஆண்களின் பெயர்களே வரலாற்றுப் பலகைகளில் வரிசையாக இருக்கின்றன. நடுவில் தாங்கிப் பிடித்தவர் இந்தப் பெண். அருங்காட்சியகத்தில் அவர் படத்துக்கு முன்னால் ஆசிரியை தானாகவே நின்றார். “என் மாணவிகளிடம் இவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்,” என்றார்.

மகனுக்கும் தந்தையின் பெயரேதான், செவெரின். 1890-ல் பிறந்தவர். முதல் உலகப்போர் முடிந்து போலந்து மறுபடி நாடானபோது க்ருஜோன்ட்ஸ் போலந்துக்குப் போனது. வார்மியாவிலும் மஸூரியாவிலும் மக்கள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. 1920 ஜூலை 11 வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் ஜெர்மனி என்ற சொல்லே இல்லை. கிழக்குப் பிரஷ்யா அல்லது போலந்து. அந்த வாரம் சோவியத் படை வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்தது, புதிய போலந்து பிழைக்குமா என்பதே கேள்வி. கிழக்குப் பிரஷ்யாவுக்கு 3,63,209 வாக்குகள். போலந்துக்கு 7,980.

முப்பத்துநான்கு ஆண்டுகள் பத்திரிகை நடத்திய ஒரு குடும்பத்துக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும்? போலந்துக்கு விழுந்ததில் பெரும்பகுதி வார்மியாவின் கிராமங்களிலிருந்து வந்தது, அதாவது பத்திரிகை போய்ச் சேர்ந்த ஊர்களிலிருந்து. ஆனாலும் தோல்வி தோல்விதான். போலந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் உண்டு. பியெனியென்ஷ்னி போகவில்லை. இதழை நிறுத்தவில்லை. நாளிதழாகவே ஆக்கினார். போலந்துக்கு வாக்களிக்காத வீடுகளிலும் போலிஷ் பேசினார்கள், அவர்களுக்கும் பத்திரிகை வேண்டியிருந்தது. இதை அவர் புரிந்துகொண்டிருந்தார் என்று அவர் எழுதிய ஒரு பகுதியைப் பார்த்தால் தெரிகிறது. ‘வார்ட்டெம்போர்க் பக்கத்துக் குபா பேசுகிறான்’ என்ற தலைப்பில், ஒரு கிராமத்துக் குடியானவன் வார்மியா வட்டார வழக்கில் ஊர்வம்பு பேசுவதுபோல அவர் எழுதிவந்தார். வார்ட்டெம்போர்க் என்பது இன்றைய பார்ச்செவோ. வார்சாவின் இலக்கண போலிஷ் அல்ல. கொட்டகையிலும் சந்தையிலும் பேசும், ஜெர்மன் சொல் கலந்த, வாய்க்கு வந்த போலிஷ். ஆசிரியை பெட்டிக்குள் இருந்த ஒரு துண்டைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்குப் பொருள் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்துவிட்டார்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பின் பறிமுதல், அபராதம், வழக்கு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பத்திரிகை நின்றது. பியெனியென்ஷ்னியைக் கைது செய்தார்கள். கோனிக்ஸ்பெர்க் நகரத்துக்கு அந்தப்பக்கம் ஹோஹன்புருஹ் முகாம். 1940 பிப்ரவரி 24 அன்று அங்கே அவரைச் சுட்டார்கள். ஐம்பது வயது நிறையும் தறுவாயில் இருந்தார். மீன்சந்தைச் சதுக்கத்து வீட்டையும் இடித்தார்கள். ஒரு வீட்டை இடிப்பதற்கு அவர்களுக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். ஆசிரியை பதில் சொல்லவில்லை. மனைவி வாண்டா வதை முகாமிலிருந்து உயிர் தப்பி ஊர் திரும்பினார்.

அன்று மாலை ஆசிரியையின் வீட்டில் பீட்ரூட் ரசம் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். 1945-ல் வில்னோ பக்கத்திலிருந்து சரக்கு ரயிலில் வந்தவர் அவர். சோவியத் கைக்குப் போன கிழக்குப் பகுதிகளிலிருந்து அப்படி வந்தவர்கள்தான் இன்றைய ஓல்ஷ்டின். பக்கத்து வீட்டில் ஊரைவிட்டுப் போகாத பழைய குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் பேசிய போலிஷ் அம்மாவின் காதுக்கு விநோதமாக இருந்தது. வீட்டில் ஜெர்மன் பைபிளோ ஜெர்மன் கடிதமோ ஏதோ இருந்தது. அம்மா அவர்களை ஜெர்மானியர் என்றே நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

“தாங்கள் போலிஷ்காரர்கள் என்று நிரூபிக்கக் குழு முன்னால் போய் நிற்க வைத்தார்கள்,” என்றார் ஆசிரியை. “அந்தத் தாத்தா பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர். ஹிட்லர் காலத்தில் கட்டியவர். அவரிடம் போய்க் கேட்டார்கள், நீ போலிஷ்தானா என்று.”

அந்தக் குடும்பம் 1970-களில் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டது. வார்மியாவின், மஸூரியாவின் பழைய குடிகளில் மிகப் பெரும்பாலோர் அப்படிப் போனார்கள். பிரஷ்ய ஆட்சியில் அஞ்சல் நிலையத்துச் சன்னலில் போலிஷ் இதழின் பெயரைச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், போலந்து ஆட்சியில் பெட்டியைக் கட்டினார்கள். கஸெட்டா ஓல்ஷ்டின்ஸ்காவின் பெயரில் பின்னாளில் நாளிதழ் மறுபடி வந்தது. பியெனியென்ஷ்னி பெயரில் நகர மையத்தில் தெரு இருக்கிறது. அந்தப் பழைய இதழைப் படித்தவர்கள் போய்விட்டார்கள். ஆசிரியை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

கடைசி நாள் காலையில் தனியாக பியெனியென்ஷ்னோவுக்கு ரயில் ஏறினேன். ஒன்றிரண்டு பெட்டி மட்டும் கோத்த வண்டி. ப்ரானியெவோ போகும் தடம். சன்னலுக்கு வெளியே மூடுபனி, இடையில் நாரை கூடு கட்டிய கம்பங்கள், கூட்டில் நாரை இல்லை. எல்லாம் தெற்கே போயிருந்தன. அந்த ஊரில் பியெனியென்ஷ்னி வாழ்ந்ததில்லை. ஜெர்மன் நாளில் அதன் பெயர் மேல்ஸாக், கேட்பவருக்கு ‘மாவு மூட்டை’ என்று ஒலிக்கும். 1945-ன் சண்டையில் பெரும்பகுதி அழிந்தது. பிறகு வந்து குடியேறியவர்களுக்கு, சுடப்பட்ட ஒரு பத்திரிகைக்காரரின் பெயரை ஊர்ப் பெயராகக் கொடுத்தார்கள்.

நான் மட்டும் இறங்கினேன். இல்லை, பின்பெட்டியிலிருந்து முதுகில் பையோடு இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இறங்கினார்கள். நடைமேடையில் நீலப் பலகை. ஊர்ப் பெயர் ஒன்பது எழுத்து. எண்ணிப் பார்த்தேன். நடுவில், ஆறாவது எழுத்து ‘இ’க்குக் கீழே வால். அடுத்து ஏழாவது ‘இசட்’டின் தலையில் புள்ளி. ஜெர்மன் கேஸில் இல்லாத எழுத்துகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். புள்ளிமேல் பனி ஈரம் கோத்து நின்றது. பிள்ளைகளில் சின்னவன், நான் எதைப் பார்க்கிறேன் என்று தானும் அண்ணாந்து பலகையைப் பார்த்துவிட்டு, அண்ணன் பின்னால் ஓடினான்.